கிளாட் ரெய்ன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் நான்கைந்து படங்களுக்குள் ஒருவரைக் கவனித்துவிடுவார்கள். குள்ளமான உருவம், உயர்ந்த ஒற்றைப் புருவம், வெண்ணெயில் கத்தி இறங்குவது போன்ற குரல். "இவர் யாரு, போன படத்துலயும் இருந்தாரே?" என்று தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். சில பதில்களில் படத்தின் முடிவு தெரிந்துவிடும். 'காசாபிளாங்கா', 'நொட்டோரியஸ்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' மூன்றையும் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வரலாம்.

கிளாட் ரெய்ன்ஸ்னா யாரு? நான் எந்தப் படத்துல பார்த்திருப்பேன்?

1889 நவம்பர் 10 அன்று லண்டனில் பிறந்த மேடை நடிகர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஹாலிவுட்டுக்கு வந்தார். 1933 முதல் 1965 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1967 மே 30 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் காலமானார்.

நீங்கள் பார்த்திருக்க அதிக வாய்ப்புள்ளது 'காசாபிளாங்கா'வின் போலீஸ் கேப்டன் ரெனோ. அது இல்லையென்றால் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் வெள்ளை சூட்டில் வரும் டிரைடன், 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' படத்தின் செம்பட்டை முடி இளவரசர் ஜான், அல்லது ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படத்தில் மனைவிக்கு விஷம் கொடுக்கும் செபாஸ்டியன்.

துணை நடிகர்னா கூட்டத்துல நிக்கிறவங்கதானே? இவ்வளவு பெரிய ஆளை எப்படி அப்படிச் சொல்றீங்க?

குழப்பம் சொல்லில்தான் இருக்கிறது. கோடம்பாக்கத்தில் 'துணை நடிகர்' என்றால் கூட்டத்தில் நிற்பவர், நாள் கூலிக்கு வருபவர். ஆஸ்கர் விருதின் 'சிறந்த துணை நடிகர்' என்பதில் வரும் சொல்லுக்குப் பொருள் வேறு. நாயகன், நாயகிக்கு அடுத்த நிலையில் கதையைத் தாங்கும் பாத்திரத்தைச் செய்பவர் என்று அர்த்தம். நம் வழக்கில் 'குணச்சித்திர நடிகர்' என்பது அதற்கு இன்னும் நெருக்கம்.

படத்தின் தொடக்கத்தில் பெயர் போடும் வரிசையைப் பார்த்தால் புரியும். 'காசாபிளாங்கா'வில் படத்தின் பெயருக்கு மேலே மூன்று பேர்: ஹம்ஃப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன், பால் ஹென்ரீட். படத்தின் பெயருக்குக் கீழே வரும் அடுத்த வரிசையில் முதல் பெயர் கிளாட் ரெய்ன்ஸ். பிறகு கான்ராட் வைட், சிட்னி கிரீன்ஸ்ட்ரீட், பீட்டர் லோரே. இந்த இரண்டாம் வரிசையின் முதல் இடம்தான் ரெய்ன்ஸின் நிரந்தர முகவரி. வாரத்துக்கு 4,000 டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் அந்த இடத்தில் இருந்தார்.

'தி ரெய்ன்ஸ் கேம்'னு ஒரு படம், இந்தியாவுல நடக்கற கதையாம். அதுல இவர் இருக்காரா?

இல்லை. அந்த 'ரெய்ன்ஸ்' மழை. 1939-இல் வந்த படம் அது. ராஞ்சிபூர் என்ற கற்பனைச் சமஸ்தானத்தில் நடக்கும். டைரோன் பவரும் மர்னா லாயும் நடித்தது. தேடும்போது இரண்டும் சேர்ந்து வருவதால் இந்தச் சந்தேகம் எழுகிறது.

அந்தக் குரல் பிறவியிலேயே வந்ததா?

பயிற்சியில் வந்தது. தெற்கு லண்டனின் ஏழைக் குடும்பத்துப் பையன் அவர். லண்டன் உழைப்பாளிகளின் பேச்சான காக்னி கொச்சையைக் கடுமையாகப் பேசினார், கூடவே பேச்சுக் குறையும் இருந்தது. ஆங்கிலத்தின் 'ர' ஒலி அவர் வாயில் 'வ' ஆகிவிடும். முழுப்பெயர் வில்லியம் கிளாட் ரெய்ன்ஸ். தன் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையே சொல்ல வராத பையன் என்பதை நினைத்துப் பாருங்கள்.

லண்டனின் 'ஹிஸ் மெஜஸ்டிஸ்' நாடக அரங்கில் நடிகர்களை 'உங்கள் காட்சி வருகிறது' என்று கூப்பிடும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அரங்கை நடத்திய சர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ அவரைக் கவனித்து, உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் கொடுத்தார். பிற்பாடு ரெய்ன்ஸே ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட்டில் ஆசிரியரானார். பின்னாளில் பெரிய நடிகர்களான ஜான் கீல்குட்டும் சார்லஸ் லாட்டனும் அவரிடம் படித்தவர்கள்.

இதனால் ஒரு தனித்தன்மை வந்தது. பிறந்த மண்ணின் சாயல் அந்தக் குரலில் அறவே இல்லை. பிரெஞ்சுப் போலீஸ், அமெரிக்க செனட்டர், ஜெர்மன் சதிகாரன், ரோமானியத் தளபதி என்று எதைக் கொடுத்தாலும் அவர் உச்சரிப்பை மாற்றவே இல்லை. வேகத்தையும் மரியாதையின் அளவையும் மட்டும் மாற்றினார். கேட்பவர் நம்பிவிடுகிறார்.

ஒரு கண்ணு தெரியாதாமே, உண்மையா?

உண்மை. முதல் உலகப் போரில் லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தவர், பிரான்சின் விமி அருகே நச்சுவாயுத் தாக்குதலில் ஒரு கண்ணின் பார்வையை ஏறக்குறைய முழுவதுமாக இழந்தார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து கேப்டன் பதவியோடு வெளியே வந்தார். நடிகர்கள் பேசில் ராத்போன், ரொனால்ட் கோல்மன், ஹெர்பர்ட் மார்ஷல் ஆகியோரும் அதே படைப்பிரிவில் இருந்தவர்கள். 1938-இல் 'ராபின் ஹூட்'டில் ராத்போனும் ரெய்ன்ஸும் ஒரே மேசையில் உட்கார்ந்து சதி செய்யும் காட்சிகளை இந்தத் தகவலோடு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

முதல் படத்துலயே முகத்தைக் காட்டலைன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படிப் பேர் வாங்கினார்?

சரியாகச் சொன்னால் அது முதல் படம் இல்லை. 1920-இல் இங்கிலாந்தில் 'பில்ட் தை ஹவுஸ்' என்ற மௌனப் படத்தில் நடித்திருக்கிறார். ஆனால் ஹாலிவுட்டில் முதல் படம் 1933-இன் 'தி இன்விசிபிள் மேன்' தான். எச். ஜி. வெல்ஸின் கதை, ஜேம்ஸ் வேல் இயக்கம். திகில் பட நடிகர் போரிஸ் கார்லாஃபுக்கு என்று யோசித்து வைத்திருந்த வேடம் அது. முகம் வராத பாத்திரத்துக்குக் குரல்தான் முகம் என்பதால் வேல் இவரைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தார்.

படம் 71 நிமிடம். கட்டுப் போட்ட தலையும் கறுப்புக் கண்ணாடியுமாகவோ, வெறும் சட்டையாகவோ, வெற்றிடமாகவோ வருகிறார். கடைசியில் சாவுப்படுக்கையில் சில நொடிகள் மட்டும் முகம் தெரிகிறது. ஆனால் படம் முடியும்போது அந்த மனிதனை முழுக்கத் தெரிந்துகொண்ட உணர்வு இருக்கும். ஆரம்பத்தில் எரிச்சல், நடுவில் அதிகார வெறி, கடைசியில் களைப்பு என்று எல்லாமே குரலின் ஏற்ற இறக்கத்தில் கிடைத்துவிடுகிறது.

ஆளே இல்லாம சட்டை மட்டும் நடக்குதே, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல எப்படி எடுத்தாங்க?

செய்தவர் தந்திரக் காட்சிக் கலைஞர் ஜான் பி. ஃபுல்டன். ஆள் முழுவதுமாக மறைந்திருக்கும் காட்சிகள் எளிது. கம்பி கட்டி நாற்காலியையோ சைக்கிளையோ இழுத்தால் போதும். பாதி உடை மட்டும் தெரியும் காட்சிகள்தான் கடினம். முதலில் அரங்கத்தில் மற்ற நடிகர்களை வைத்துக் காட்சியைப் படமாக்கினார்கள். பிறகு சுவர், தரை எல்லாம் கறுப்பு வெல்வெட் போர்த்திய இடத்தில், தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட் உறை மாட்டிய ஆளுக்கு அதன் மேல் சட்டையும் கால்சட்டையும் போட்டு நடக்கவிட்டார்கள். வெல்வெட் ஒளியைத் திருப்பி அனுப்பாது. அதனால் படச்சுருளில் உடை மட்டுமே பதியும். அந்தச் சுருளிலிருந்து உடையின் வடிவத்துக்கு மறைப்பு அச்சு எடுத்து, முதல் காட்சியில் அந்த வடிவ அளவுக்கு இடம் ஒழித்து, இரண்டையும் ஒன்றாக அச்சிட்டார்கள்.

எங்கே சிக்கியது? உறையில் கண்ணுக்குத் துளை போட்டால் தோல் பதிந்துவிடும். அதனால் உள்ளே இருப்பவருக்குப் பார்வை கிடையாது, மூச்சுவிடக் குழாய். இரண்டு தனித்தனிப் படப்பிடிப்பிலும் விளக்கொளி ஒரே திசையிலிருந்து வராவிட்டால் சட்டை காட்சியில் ஒட்டாமல் மிதக்கும். கை குறுக்கே வந்தால் சட்டையின் ஒரு துண்டு காணாமல் போகும். இப்படிப் பிழைபட்ட ஏறத்தாழ 4,000 அடி சுருளைக் கையாலேயே திருத்தினார்கள். 35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்). ஆக 64,000 சட்டகங்கள், ஒவ்வொன்றாகத் தூரிகையால்!

பனியில் கால்தடம் தானாக விழும் காட்சிக்குத் தரைப்பலகையில் பாத வடிவங்களை அறுத்து, அதன் மேல் பொய்ப்பனியைப் பரப்பி, கீழேயிருந்து ஒவ்வொரு துண்டாக இழுத்துவிட்டார்கள். உற்றுப் பாருங்கள்: மறைந்திருப்பவன் உடையே இல்லாமல் ஓடுகிறான், ஆனால் விழுவது செருப்புத் தடம். இவ்வளவு பாடுபட்ட படத்தில் தப்பிப்போன ஒரே பெரிய பிழை அதுதான்.

வார்னர் கம்பெனி நடிகர்னு சொல்றாங்க, ஆனா பாதி நல்ல படங்கள் வேற கம்பெனில இருக்கே?

1936-இன் 'ஆன்தனி அட்வர்ஸ்' தொடங்கி 1947-இன் 'தி அன்சஸ்பெக்டட்' வரை அவருடைய தலைமையிடம் வார்னர் பிரதர்ஸ். அங்கே இயக்குநர் மைக்கேல் கர்டிஸோடு மட்டும் பத்துப் படம் செய்திருக்கிறார். ஆனால் 'மிஸ்டர் ஸ்மித்', 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' கொலம்பியா. 'தி வுல்ஃப் மேன்', 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா' யுனிவர்சல். 'நொட்டோரியஸ்' ஆர்.கே.ஓ.

அன்றைய ஹாலிவுட் ஒப்பந்த முறை தெரிந்தால் இது விளங்கும். வழக்கமான ஒப்பந்தம் ஏழு வருடம். வருடத்துக்கு 40 வாரம் சம்பளம், 12 வாரம் சம்பளமில்லா ஓய்வு. ஒவ்வொரு கெடு முடியும்போதும் நீட்டிக்கவோ கழற்றிவிடவோ உரிமை கம்பெனிக்கு மட்டும். கொடுத்த வேடத்தை மறுத்தால் இடைநீக்கம், அந்த நாட்களும் ஒப்பந்தத்தின் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வேறு கம்பெனி கேட்டால் நடிகரை 'கடன்' கொடுப்பார்கள். கிடைக்கும் கூடுதல் தொகை பெரும்பாலும் கம்பெனிக்குப் போகும். 'ராபின் ஹூட்'டில் இவரோடு நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட் போட்ட வழக்கில்தான் 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏழு வருடம் என்றால் நாட்காட்டியின் ஏழு வருடம் என்று தீர்ப்புச் சொல்லி இடைநீக்கச் சேர்ப்பை ஒழித்தது.

நாயக நடிகர்களுக்கு இந்த முறை விலங்கு. இரண்டாம் வரிசை நடிகர்களுக்கோ இதில் ஒரு லாபமும் இருந்தது. நாயகன் வருடத்துக்கு இரண்டு, மூன்று படம் என்றால் இவர்கள் நான்கு, ஐந்து. 1939-இல் மட்டும் ரெய்ன்ஸ் பிரான்சின் மூன்றாம் நெப்போலியன், நியூயார்க் துப்பறிவாளர், வீட்டை விட்டு ஓடித் திரும்பும் அப்பா, ஊழல் செனட்டர் என்று மாறி மாறி வந்தார். இதில் துப்பறிவாளர் வேடம் அவருக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. 'தே மேட் மீ எ கிரிமினல்' பார்த்தால் தெரியும்.

'காசாபிளாங்கா'வுல ரெனோ நல்லவனா கெட்டவனா?

விசா வேண்டி வரும் அகதிப் பெண்களிடம் விலை பேசுபவன். கெட்டவன்தான். திரைக்கதையில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. தணிக்கை அலுவலகத்தின் ஜோசஃப் பிரீன் ஆட்சேபித்ததால் சாடையாக மாற்றினார்கள். அந்த மாற்றம் ரெய்ன்ஸுக்குச் சாதகமாகப் போயிற்று. சொல்லாமல் விட்ட அசிங்கத்தை அவர் மரியாதையான தொனியில் சொல்லிவிடுகிறார். பல்கேரியப் பெண் வரும் காட்சியில் ரெனோ திரையில் இருப்பதே குறைவு. ஆனால் அவள், போகார்ட் செய்யும் விடுதிக்காரன் ரிக்கிடம் பேசும்போது ரெனோவின் குரல் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சூதாட்டம் நடப்பதாகச் சொல்லி ரிக்கின் விடுதியை மூடும் காட்சியைப் பாருங்கள். இங்கே சூதாட்டமா, எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறதே என்று ஊருக்கே கேட்கும்படி சொல்கிறார். அடுத்த கணம் ஊழியர் வந்து அவர் ஜெயித்த பணத்தை நீட்டுகிறார். அதே மூச்சில் குரலைத் தாழ்த்தி நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். வெட்கமோ தடுமாற்றமோ இல்லை. இரண்டுமே அவருக்கு உண்மை என்பது போல. வேறொருவர் அங்கே கண் சிமிட்டியிருப்பார், காட்சி கெட்டிருக்கும்.

கடைசியில போகார்ட் 'நட்பு' வசனம் சொல்றப்போ ரெனோ ஏன் பதிலே பேசலை?

'லூயி, இது ஓர் அழகான நட்பின் தொடக்கம் என்று நினைக்கிறேன்' என்று ரிக் ரெனோவிடம் சொல்லும் அந்த வசனமே படமெடுத்தபோது இல்லை. படப்பிடிப்பு முடிந்த பின் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதி, போகார்ட்டின் குரலைத் தனியாகப் பதிவு செய்து, இருவரும் முதுகு காட்டி மூடுபனிக்குள் நடக்கும் காட்சியின் மேல் போட்டார்கள். முகம் தெரியாததால் உதடு பொருந்த வேண்டிய பிரச்சினை இல்லை.

ரெய்ன்ஸின் உச்சம் அதற்குச் சற்று முன்பு. ஜெர்மன் அதிகாரி ஸ்ட்ராசர் ரிக்கால் சுடப்பட்டுக் கிடக்கிறான். போலீஸ் வண்டி வந்து நிற்கிறது. மேஜர் ஸ்ட்ராசர் சுடப்பட்டார் என்று ரெனோ சொல்லிவிட்டு நிறுத்துகிறார். ரிக்கைப் பார்க்கிறார். வழக்கமான சந்தேக நபர்களைப் பிடியுங்கள் என்கிறார். ஒரு மனிதன் கட்சி மாறுவது அந்த இடைவெளியில் நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு விஷி (ஜெர்மனிக்கு அடங்கிய அன்றைய பிரெஞ்சு அரசின் பெயரும் அதுதான்) என்று பெயர் போட்ட தண்ணீர் பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டுக் கூடையை உதைப்பது, புரியாதவர்களுக்கான விளக்கம்.

ஆள் ரொம்பக் குள்ளமாமே? ஸ்க்ரீன்ல தெரியலையே?

சுமார் 5 அடி 6 அங்குலம். 'நொட்டோரியஸ்'ஸில் ஜோடியாக வரும் இங்க்ரிட் பெர்க்மன் 5 அடி 9. ஒன்றாக நடந்து வரும் காட்சியில் ரெய்ன்ஸ் நடக்கும் பக்கம் மட்டும் சாய்வுப் பலகை போட்டு உயர்த்தினார்கள். மற்ற இடங்களில் ஒருவரை உட்காரவைப்பது, படிக்கட்டில் ஒரு படி மேலே நிறுத்துவது போன்ற வழக்கமான வேலைகள்.

'தி வுல்ஃப் மேன்' படத்தில் யாரும் மறைக்க முயலவில்லை. 6 அடியைத் தாண்டிய லான் சேனி ஜூனியர் இவருக்கு மகன். அப்பா நிமிர்ந்து பார்த்துத்தான் பேசுகிறார், ஆனால் அதிகாரம் யாரிடம் என்பதில் சந்தேகமே வராது.

'நொட்டோரியஸ்'ல வில்லன் மேலதான் எனக்குப் பாவமா இருந்துச்சு. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?

சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரி கிராண்ட் செய்யும் அமெரிக்க உளவு அதிகாரி டெவ்லின், தான் விரும்பும் பெண்ணை வேவு பார்க்க இன்னொருவனிடம் அனுப்புகிறான். செபாஸ்டியன் அவளை உண்மையாகவே காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். நாஜி, கொலைகாரன், எல்லாம் சரி. ஆனாலும் அந்த வீட்டில் ஏமாற்றப்படுபவன் அவன்தான். மனைவி உளவாளி என்று தெரிந்த விடியலில் அம்மாவின் படுக்கையறைக்குப் போய், நான் ஒரு அமெரிக்க உளவாளியைக் கல்யாணம் செய்திருக்கிறேன் என்று சொல்லும்போது அவர் வில்லனாக இல்லை, அவமானப்பட்ட பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார். அம்மா நிதானமாக எழுந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறாள். அந்த அம்மாவாக நடித்த லியோபோல்டின் கான்ஸ்டன்டினுக்கும் ரெய்ன்ஸுக்கும் வயது வித்தியாசம் மூன்றே வருடம்.

முடிவில் டெவ்லின் அவளைத் தாங்கிக்கொண்டு படியிறங்க, செபாஸ்டியன் கூடவே இறங்குகிறான். கீழே கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகிறோம் என்று அவனே சமாளிக்க வேண்டிய நிலை. கார் கதவு அவன் முகத்துக்கு முன்னால் பூட்டப்படுகிறது. பின்னாலிருந்து, உள்ளே வா, உன்னிடம் பேச வேண்டும் என்று குரல் வருகிறது. ஓடவில்லை, கெஞ்சவில்லை. திரும்பிப் படியேறி வெளிச்சமான வாசலுக்குள் போகிறான், கதவு சாத்திக்கொள்கிறது. ஹிட்ச்காக் தன் நாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டுப் படத்தை ரெய்ன்ஸின் முதுகில் முடிக்கிறார்.

நாலு தடவை ஆஸ்கருக்குப் போட்டி, ஒண்ணுகூட ஜெயிக்கலையா? அநியாயம் இல்லையா?

ஜெயிக்கவில்லை. 1939-இல் 'மிஸ்டர் ஸ்மித்', 1943-இல் 'காசாபிளாங்கா', 1944-இல் 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்', 1946-இல் 'நொட்டோரியஸ்'. நான்கும் துணை நடிகர் பிரிவு. 'காசாபிளாங்கா' 1942 நவம்பரில் நியூயார்க்கில் வெளியானாலும், பரவலாக வந்தது 1943 ஜனவரியில் என்பதால் 1943 கணக்கில் போனது.

ஒவ்வொரு தோல்வியும் ஒவ்வொரு விதம். 1939-இல் ஜெயித்த தாமஸ் மிட்செல் ('ஸ்டேஜ்கோச்'), அதே வருடம் 'மிஸ்டர் ஸ்மித்'திலேயே குடிகாரப் பத்திரிகையாளராக வருபவர். கூடவே 'கான் வித் தி விண்ட்'டிலும் இருந்தார். அப்படிப்பட்ட வருடத்தில் அவரை மறுக்க முடியாது. 1943-இல் சார்லஸ் கோபர்ன் ஜெயித்தது 'தி மோர் தி மெரியர்' படத்துக்கு. அதுவரை துணைப் பிரிவில் ஜெயித்தவர்களுக்குச் சிலைக்குப் பதில் பலகைதான் கொடுத்தார்கள். அந்த ஆண்டிலிருந்துதான் முழுச் சிலை. 1944-இல் 'கோயிங் மை வே'யின் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், ஒரே வேடத்துக்கு நாயகப் பிரிவிலும் துணைப் பிரிவிலும் போட்டியில் இருந்து, துணைப் பிரிவில் ஜெயித்தார். அதற்குப் பிறகு ஆஸ்கர் வழங்கும் அகாடமி விதியையே மாற்றியது.

எங்கள் கணிப்பில் உண்மையான அநியாயம் 1943. ரெனோவைப் போல ஒரு வேடம் துணை நடிகர் பிரிவுக்காகவே அளவெடுத்துத் தைத்தது. 1946 வேறு. 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தின் ஹரால்ட் ரஸ்ஸல் தொழில்முறை நடிகரே இல்லை. ராணுவப் பயிற்சியின்போது இரு கைகளையும் இழந்தவர். ஜெயிக்க மாட்டார் என்று நினைத்து அகாடமி அவருக்கு முன்கூட்டியே கௌரவ விருது ஏற்பாடு செய்திருந்தது. இரண்டும் கிடைத்தது. போரில் ஒரு கண்ணை இழந்த ரெய்ன்ஸ் அந்தப் போட்டியில் தோற்றதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்'னு படத்துக்கே இவர் கேரக்டர் பேரு. அப்புறம் எப்படித் துணை நடிகர்?

படத்தின் பெயரை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. அந்தக் கதை பெட் டேவிஸ் செய்யும் ஃபேனியின் அழகும் அகந்தையும் பற்றியது. யூதப் பணக்காரரான ஜோப் ஸ்கெஃபிங்டன் இடையில் நீண்ட நேரம் காணாமல் போய், நாஜி முகாமில் பார்வையிழந்து கடைசியில் திரும்புகிறார். கதையில் உறுத்தும் முள் அவர், ஆனால் கதை சுழல்வது அவளைச் சுற்றித்தான்.

இதைவிட விசித்திரம் 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்' (1941). ஜோர்டன் இவர்தான். அந்தப் படத்துக்கு நாயகப் பிரிவில் ராபர்ட் மான்ட்கோமரிக்கும், துணைப் பிரிவில் ஜேம்ஸ் க்ளீசனுக்கும் பரிந்துரை கிடைத்தது. மிஸ்டர் ஜோர்டனுக்கு இல்லை.

அப்ப ஹீரோவா நடிச்சதே இல்லையா?

உண்டு. 1934-இன் 'கிரைம் வித்தவுட் பேஷன்' படத்தில் கொலை செய்துவிட்டுத் தடயத்தை அழிக்கும் வக்கீல் அவர்தான் மையம். 1945-இல் பெர்னார்ட் ஷாவின் நாடகத்தை வைத்து இங்கிலாந்தில் எடுத்த 'சீசர் அண்ட் கிளியோபாட்ரா'வில் விவியன் லீக்கு எதிரே சீசர். செலவு எகிறிப்போன படம், பார்க்க அரண்மனை போல இருக்கும், நகராது. 1943-இன் வண்ணப் படமான 'ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பரா'வில் ஃபேன்டம் இவர், ஆனால் பெயர்ப் பட்டியலில் பாடகர் நெல்சன் எடிக்கும் சூசன்னா ஃபாஸ்டருக்கும் அடுத்துத்தான்.

நாயகனாக அவர் முழுமையாக ஜெயித்த இடம் மேடை. 1951-இல் 'டார்க்னஸ் அட் நூன்' நாடகத்தில் சிறையிலிருக்கும் பழைய புரட்சிக்காரர் ருபஷோவாக நடித்துச் சிறந்த நடிகருக்கான டோனி விருது (அமெரிக்க நாடக மேடையின் பெரிய விருது) வாங்கினார். அப்போது வயது 61.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுல வர்ற டிரைடன் நிஜமா இருந்த ஆளா?

இல்லை. அரபு விவகாரங்களைக் கையாண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள், அரசியல்வாதிகள் பலரைச் சேர்த்து உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். சினிமாவின் புகழ்பெற்ற வெட்டு ஒன்று இவர் இருக்கும் அறையில்தான் நடக்கிறது. லாரன்ஸ் எரியும் தீக்குச்சியைப் பார்த்து ஊதி அணைக்க, அடுத்த சட்டகம் பாலைவன விடியல். அதற்கு முன் டிரைடன் சொல்லும் எச்சரிக்கையின் அலுப்பு அந்தச் சூரியனுக்குப் பாதிக் கனம் தருகிறது. இதற்குப் பிறகு 1963-இல் ஒரு படம், 1965-இல் 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' படத்தில் ஏரோது மன்னன். அதுதான் கடைசி.

எந்த வரிசையில பார்க்கலாம்? எந்தப் பிரிண்ட்டுன்னு கவனிக்கணுமா?

முதலில் 'காசாபிளாங்கா' (102 நிமிடம்), பிறகு 'நொட்டோரியஸ்', 'மிஸ்டர் ஸ்மித்'. மூன்றும் பிடித்தால் 'தி இன்விசிபிள் மேன்' படத்தைக் காதுக்கருவி மாட்டிக்கொண்டு. அதன் பின் 'டிசெப்ஷன்' (1946). அதில் பொறாமை பிடித்த இசையமைப்பாளராக உணவகத்தில் சாப்பாடு தேர்ந்தெடுக்கும் காட்சி ஒன்றே போதும். பெட் டேவிஸுக்கு ஆறுதல் தரும் மருத்துவராக வரும் 'நௌ, வாயேஜர்' அதற்கு நேரெதிர், அடுத்தடுத்துப் பாருங்கள்.

பிரிண்ட் விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. 'காசாபிளாங்கா'வுக்கு 1988-இல் தொலைக்காட்சிக்காக நிறம் பூசிய பதிப்பு ஒன்று உண்டு, அதைத் தவிர்க்கவும். இந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம், 1.37:1. டிவியில் திரை முழுக்க இழுத்து நிரப்பினால் எல்லோரும் தட்டையாகிவிடுவார்கள், குள்ளமான ரெய்ன்ஸ் இன்னும் குறுகுவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்' 146 நிமிடமா என்று பார்த்துக்கொள்ளவும். 127 நிமிட வெட்டுப் பதிப்பும் சுற்றியது.

'மிஸ்டர் ஸ்மித்'ல செனட்டர் பெய்ன் கடைசில திடீர்னு மனசு மாறறது நம்பற மாதிரியே இல்லையே?

அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. திரைக்கதையாகப் படித்தால் நியாயமும்கூட. இளம் செனட்டர் ஸ்மித்தை ஒழிக்கப் பொய்சாட்சி வரை போனவர், அவன் மயங்கி விழுந்ததும் வெளியே ஓடித் தன்னைச் சுட்டுக்கொள்ள முயன்று, திரும்பி வந்து, நீக்க வேண்டியது என்னைத்தான் என்று கத்துகிறார். சில விநாடிகள்தான்.

ஆனால் ரெய்ன்ஸ் இந்த முடிவை முதல் பாதியிலேயே ரயில் பெட்டியில் நட்டுவிடுகிறார். ஸ்மித்தின் அப்பாவும் பெய்னும் ஒருகாலத்தில் நண்பர்கள். தோற்கப்போகும் நியாயங்களுக்காக மட்டுமே போராடத் தகும் என்று அப்பா சொல்வாரே என்று பையன் ஆசையாக நினைவூட்டுகிறான். பெய்ன் அதை மறுக்கவில்லை, நாங்கள் இருவரும் அப்படித்தான் இருந்தோம் என்கிறார். அந்த இடத்தில் அவர் முகத்தில் பெருமை வந்து, வந்த வேகத்தில் வடிகிறது. அதற்கப்புறம் அவர் செய்யும் ஒவ்வொரு அயோக்கியத்தனத்திலும் பையனை நேராகப் பார்க்காமல் பேசுவதைக் கவனியுங்கள். மன்றத்தில் மணிக்கணக்காக நின்று களைத்த ஸ்மித், கூடைகூடையாக வந்த எதிர்ப்புத் தந்திகளுக்கு நடுவே அவரிடம் நெருங்கி வந்து அதே தோற்கப்போகும் நியாயத்தைப் பற்றிக் கரகரத்த குரலில் பேசுகிறான். இந்த முறை ரெய்ன்ஸால் பார்வையை விலக்க முடியவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்பதற்கு முன்பே மனிதர் உடைந்துவிட்டார். இரண்டாவது தடவை பார்க்கும்போது ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள்.